வெளிநாட்டுப் பயணம்: முதலில் கைப்பை, கடைசியில்தான் பெட்டி

வெளிநாட்டுச் சுற்றுலா என்று முடிவானதும் நம் ஊரில் நடக்கும் முதல் காரியம் பெரிய பெட்டி வாங்குவது. கடலூர்க்காரர் லாரன்ஸ் சாலைக்குப் போவார், புதுச்சேரிக்காரர் நேரு வீதிக்கு. பெட்டி வந்த பிறகு அதில் காலியிடம் தெரியக்கூடாது என்பதற்காகவே துணி சேரும். முதன்முறை போகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் கைப்பையை அடுக்குங்கள். பெட்டி வந்து சேராமல் போனாலும் கைப்பையை வைத்து இரண்டு நாள் தாக்குப்பிடிக்க முடிய வேண்டும்.

படி 1: காகிதங்கள். பாஸ்போர்ட் திரும்பி வரும் தேதி வரை செல்லுபடியானால் போதும் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூர் உள்ளிட்ட பல நாடுகள் ஆறு மாதம் மீதியிருக்க வேண்டும் என்கின்றன. விசா, திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு, பயணக் காப்பீடு ஆகியவற்றைக் கைப்பேசியில் வைத்திருந்தாலும் காகிதத்தில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் உறவினர் வீட்டுக்குச் செல்லும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு நினைவூட்டல்: பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கான மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

படி 2: பணம். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதை நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். கிளம்புவதற்கு முதல் வாரமே செய்துவிடுங்கள். முதல் நாள் டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் அந்த நாட்டு நோட்டு கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

படி 3: மின்சாரம். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போக வேண்டும், விமானச் சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது. அதன் மேல் அச்சிட்டிருக்கும் அளவு 100 வாட் மணிக்குள் (Wh) இருக்கிறதா பாருங்கள். வழக்கமான 10,000 mAh அளவுள்ளது 37 வாட் மணிதான் வரும், கவலையில்லை. நம் கைப்பேசிச் சார்ஜரின் மெல்லிய இரட்டை முனை பிரான்ஸில் பெரும்பாலும் அப்படியே பொருந்திவிடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மூன்று தட்டை முனைகள் கொண்ட பிளக்தான். அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

படி 4: மருந்து. அட்டையிலிருந்து பிரித்துச் சின்ன டப்பாவில் கொட்டி வைக்கும் பழக்கம் இங்கே உதவாது. அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். தூக்க மாத்திரையும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் சில நாடுகளில் முன் அனுமதி கேட்பவை. கைப்பையில் வைக்கும் மற்ற திரவங்களில் ஒவ்வொரு புட்டியும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். பாதி காலியான 200 மில்லி தேங்காயெண்ணெய்ப் புட்டியை விட மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது புட்டியின் அளவை.

படி 5: சாப்பாடு. இங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், கொஞ்சம் நின்று படியுங்கள். கசகசா சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டது. தனியாக எடுத்துப் போக மாட்டோம் என்பீர்கள். வீட்டில் அரைத்த கறி மசாலாவில் அது இருக்கிறதா என்று அரைத்தவரிடமே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பொடியே வேண்டாம். கொப்பரைத் தேங்காயில் எண்ணெய் அதிகம், தானே சூடாகித் தீப்பற்றக்கூடும் என்பதால் அதைச் சரக்குப் பெட்டியில் அனுமதிப்பதில்லை. ஊறுகாயையும் மிளகாய்த்தூளையும் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெட்டியில் வையுங்கள், ஊறுகாய்க்கு இரண்டு உறை. பிரான்ஸுக்கு என்றால் நெய், பால் இனிப்பு, இறைச்சி கூடாது. சான்றிதழ் இல்லாத கறிவேப்பிலையும் மாம்பழமும் அப்படியே. சூயிங் கம்மை 1992 முதல் சிங்கப்பூருக்குள் விடுவதில்லை.

பிறகு என்னதான் கொண்டுபோவது? பண்ருட்டி முந்திரி. இடம் அடைக்காது, கெடாது, பசிக்கும் ஆகும், பரிசுக்கும் ஆகும். கருவாட்டைப் பற்றிச் சட்டத்தைத் தேட வேண்டாம், பெட்டியில் இருக்கும் துணிகளை நினைத்துப் பாருங்கள்.

படி 6: துணி. ஐந்து நாள் பயணத்துக்கு நான்கு மேலாடை, இரண்டு கீழாடை போதும். அவற்றில் ஒரு ஜோடி கைப்பைக்குப் போகட்டும். பாங்காக் அரண்மனை போன்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு துப்பட்டாவும் முழுக்கால்சட்டையும் தேவை. புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம், பழகிய காலணிதான் நடைக்கு.

படி 7: எடை. பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான், உங்கள் டிக்கெட்டில் சரிபாருங்கள். வீட்டு எடைக்கருவியில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், அடுத்து பையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம்தான் பையின் எடை.

புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது, பெரும்பாலும் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கும். விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே நிற்கும்படி கணக்கிட்டுக் கிளம்புங்கள். திண்டிவனம் வழி பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கத்தில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். ஆகவே முதல் நாள் மாலை பெட்டியையும் பையையும் யார் உதவியும் இல்லாமல் ஒரு முறை மாடிக்குத் தூக்கிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் இரண்டு துணியை வெளியே எடுத்துவிடுங்கள்.