நீவ் என்ற பெயருக்குப் பொருள் தேடுவது எப்படி

என், ஐ, ஏ, எம், எச். ஆங்கிலம் படித்த கண்ணுக்கு இது 'நியாம்' என்றுதான் தெரியும், ஆனால் அயர்லாந்தில் அப்படிக் கூப்பிட்டால் அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அங்கே அது நீவ், சிலர் வாயில் நீயவ். அயர்லாந்து, ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளான கேலிக்கில் பெயர் எதுவானாலும் முதலில் உச்சரிப்பைப் பிடியுங்கள், பொருளை அப்புறம் பார்க்கலாம்.

எம்மை அடுத்து எச் வந்தால் அந்த எம் இளகி 'வ' ஆகிவிடும். பழைய அயர்லாந்து எழுத்துருவில் இந்த எச்சுக்குப் பதிலாக எம்மின் தலையில் ஒரு புள்ளிதான் இருக்கும், ரோமன் எழுத்துக்கு மாறியபோது அந்த இடத்தை எச் பிடித்துக்கொண்டது. (நம்முடைய புள்ளி உயிரை எடுக்கும், அவர்களுடையது மெய்யை இளக்கும்!) அதனால் பழைய அச்சில் தேடுகிறவர்கள் புள்ளியையும் எச்சாகவே படிக்க வேண்டும்.

சரி, பொருள். பெயர்ப் பட்டியல் போடும் தளங்களை விட்டுவிட்டு ஐரிஷ் அகராதியைத் திறங்கள். நீவ் அங்கே சாதாரணச் சொல்லாகவே கிடைக்கும்: ஒளி, பளபளப்பு. பிறகு அயர்லாந்தின் பழங்கதை. கடல் தெய்வம் மனனானின் மகள் நீவ், வெள்ளைக் குதிரையில் வந்து ஒஷீன் என்ற வீரனை என்றும் இளமை மாறாத நாட்டுக்கு அழைத்துப்போகிறாள். ஊர் ஞாபகம் வந்து அவன் திரும்பும்போது இங்கே 300 வருடம் ஓடியிருக்கிறது. குதிரையிலிருந்து விழுந்து கால் மண்ணில் பட்டதுமே கிழவனாகிவிடுகிறான். ஒஷீன் என்றால் மான்குட்டி, அவன் தாய் மானாக மாற்றப்பட்டவள். பெயரும் கதையும் இப்படி ஒட்டிக்கொண்டிருந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எல்லாம் இவ்வளவு சுலபமில்லை. சர்ஷா என்றால் விடுதலை, சொல் பழையது, ஆனால் அதைப் பெயராக வைக்க ஆரம்பித்தது 20ஆம் நூற்றாண்டில்தான். ஸ்காட்லாந்தின் ஹேமிஷ் தனிப் பெயரே இல்லை, ஷேமஸ் என்பதன் விளி வடிவம்; கண்ணனைக் 'கண்ணா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதையே பெயர் என்று எழுதிக்கொண்ட மாதிரி.

ஷான் (எஸ், ஈ, ஏ, என்) என்ற பெயர் நார்மன்களின் பிரெஞ்சு வழியாக வந்தது, ஜான் என்பதன் உறவு. அதை எழுதும்போது ஏ-யின் மேல் சாய்கோட்டை விடாதீர்கள். அந்தக் கோட்டின் பெயர் ஃபாதா, 'நீளம்' என்று பொருள், நம் நெடில் மாதிரி. கோடு போனால் ஷான் குறுகி 'ஷன்' ஆகிவிடும், அதற்கு அர்த்தம் 'பழைய'.