ரீசெட் பொத்தானைத் தொடுவதற்கு முன்: மேகவழிக் கண்காணிப்புக் கேமராக்களில் பழுதறியும் முறை

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவீதியிலிருந்தும் லிந்தாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் கண்காணிப்புக் கேமரா பழுது என்று எனக்கு வரும் அழைப்புகளில் பல, "ரீசெட் பண்ணிப் பார்த்துட்டோம் தம்பி, அப்பவும் வரல" என்றுதான் தொடங்குகின்றன. அந்தச் சொல்லைக் கேட்டதுமே அரை மணி நேரத்து வேலை அரை நாள் வேலையாகிவிட்டது என்பது எனக்குத் தெரிந்துவிடும். ஆலயச் செயலவையினர், தமிழ்ப்பள்ளி அலுவலர்கள், மளிகைக் கடைக்காரர்கள், தோட்ட அலுவலகக் கிராணிமார்கள் ஆகியோர் தங்கள் கேமராக்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள உதவும் வகையில், நான் பின்பற்றும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

ரீசெட் ஏன் கடைசிப் படியாக இருக்க வேண்டும் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மேகவழிக் கேமரா, படங்களை இணையம் வழியாகச் சேவை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது; அந்தக் கேமரா யாருடையது என்ற பதிவும் அந்த சர்வரில்தான் இருக்கிறது. ரீசெட் செய்யும்போது கேமராவிலுள்ள வைஃபை பெயர், கடவுச்சொல், நேரம், பதிவு அட்டவணை எல்லாம் அழிகின்றன. ஆனால் பெரும்பாலான சேவைகளில் சர்வரிலுள்ள உரிமைப் பதிவு அழிவதில்லை. எனவே, கேமராவைப் பொருத்திய ஆள் அதைத் தம் சொந்தக் கைப்பேசி எண்ணில் பதிவு செய்துவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தால், ஆலயம் காசு கொடுத்து வாங்கிய கேமராவை ஆலயத்தாலேயே மீண்டும் இணைக்க முடியாத நிலை வந்துவிடும். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தனியாள் பெயரில் இருந்தால், நிறுவனத்துக்கென ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கி அதற்கு உரிமையை மாற்றிக்கொள்ளுங்கள்.

பழுது பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: கேமராவும் அதற்கு வரும் மின்சாரமும், கட்டடத்துக்குள் ஓடும் கம்பி அல்லது வைஃபை, வெளியே செல்லும் இணையம், சர்வரிலுள்ள கணக்கு. எந்த இடம் என்பதைப் பெரும்பாலும் தொலைபேசியிலேயே கண்டுபிடித்துவிடலாம். எல்லாக் கேமராக்களும் நின்றனவா, ஒன்று மட்டுமா? நேரலை தெரிகிறதா, பழைய பதிவு மட்டும் இல்லையா? கடைசியாக ஓடிய நாளில் இடி விழுந்ததா, சாயம் பூசினார்களா, ரவுட்டரை மாற்றினார்களா? எல்லாம் ஒன்றாக நின்றால் இணையத்தையோ பொது மின்சாரத்தையோ சந்தேகிக்க வேண்டும். ஒன்று மட்டும் நின்றால் அந்தக் கேமராவையும் அதன் கம்பியையும் பார்க்க வேண்டும். நேரலை இருந்து பதிவு மட்டும் இல்லையென்றால் ஏணியில் ஏறவே தேவையில்லை, கணக்கைத் திறந்தால் போதும்.

இந்த உரையாடலில் உதவி செய்பவர் ஒருபோதும் கேட்கக்கூடாதவை இரண்டு: கடவுச்சொல்லும், குறுஞ்செய்தியில் வரும் சரிபார்ப்பு எண்ணும். யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். திரையைப் பகிர்ந்து காட்டுவது, அல்லது பார்வையாளர் உரிமை மட்டும் கொடுத்துப் பின்னர் அதை நீக்கிவிடுவது போதுமானது.

மின்சாரத்தைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்குகள் கொண்ட கேமரா இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியும். பகலில் கேமராவின் முகப்பை முழுவதும் கையால் மூடினால், இரவு நிலைக்கு மாறும் 'டிக்' என்ற மெல்லிய ஓசை பெரும்பாலான கேமராக்களில் கேட்கும். இரண்டில் ஒன்று இருந்தால் கேமராவுக்கு உயிர் இருக்கிறது. பகலில் நன்றாக ஓடி இரவில் மட்டும் அணைந்து அணைந்து எரியும் கேமராவில் குறை பெரும்பாலும் கம்பியில் இருக்கும். அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது மின்தேவை கூடுகிறது. மலிவாகக் கிடைக்கும் செம்பு பூசிய அலுமினியக் கம்பி அந்தச் சுமையைத் தாங்காமல் மின்னழுத்தத்தை இழக்கிறது. பிணையக் கம்பி வழியாகவே மின்சாரம் அனுப்பும் பிஓஇ முறையில், 802.3ஏஎஃப் தரப்படி சுவிட்சிலிருந்து (பிணையக் கம்பிகள் வந்து சேரும் பெட்டி) 15.4 வாட் புறப்பட்டாலும், கேமராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட்தான். கம்பியின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. சுத்தமான செம்புக் கம்பியையே கேட்டு வாங்குங்கள். 230 வோல்ட் பக்கத்தில் கை வைக்க வேண்டியிருந்தால், பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள்.

நம் வட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை கடுமையாக இருக்கும். இடிக்குப் பிறகு ஒரு கேமரா நின்றால், அதைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, நன்றாக ஓடும் வேறொரு கேமராவின் துறையில் (சுவிட்சில் கம்பி செருகும் போர்ட்) ஒரு மீட்டர் புதிய கம்பியால் மாட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் பழைய கம்பியோ சுவிட்சின் அந்தத் துறையோ கெட்டிருக்கிறது. ஓடாவிட்டால் கேமராவே போய்விட்டது. கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே இழுக்கப்படும் செம்புக் கம்பி மின்னல் அதிர்வை உள்ளே கொண்டுவரும் பாதையாகிவிடுகிறது. அலுவலகத்திலிருந்து குலை ஏற்றும் இடத்துக்கோ லயத்து வீடுகள் பக்கத்துக்கோ இணைப்பு வேண்டுமானால், ஒளியிழைக் கம்பியையோ கம்பியில்லாப் பால இணைப்பையோ தேர்ந்தெடுப்பதுதான் நல்லது. முதலில் செலவு கூடும்; ஆனால் ஒவ்வோர் இடிமழைக்கும் ஒரு சுவிட்ச் வாங்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வைஃபை கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குகின்றன. புதிய ரவுட்டர் வந்ததும் கேமரா நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். புதிய ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே கொடுத்து 2.4 அலைவரிசையைத் திறந்துவிட்டால், கேமராக்கள் தாமாகவே திரும்பி வந்துவிடும். கம்பியில் இணைந்த கருவியின் ஐபி முகவரி (பிணையத்தில் அதற்குரிய எண்) 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை என்று பொருள்; கம்பி முனைகளையும் ரவுட்டரையும் பாருங்கள்.

அடுத்து இணையம். ஒளியிழை மோடத்தில் 'லாஸ்' எனக் குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வரவில்லை. அது இணைய நிறுவனம் சரிசெய்ய வேண்டிய பழுது. விளக்குகள் சரியாக இருந்தும் படம் விட்டுவிட்டு வந்தால், பதிவேற்ற வேகத்தை அளந்து பாருங்கள். விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படுவது பதிவிறக்க வேகம். கேமராவுக்கு வேண்டியதோ பதிவேற்ற வேகம். 2 மெகாபிக்சல் கேமரா, படத்தைச் சுருக்கி அனுப்பும் எச்.265 முறையில் ஏறத்தாழ 1.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், நான்கு கேமராக்களுக்கு 6 எம்பிபிஎஸ் இடைவிடாமல் வேண்டும். 1 எம்பிபிஎஸ் ஓட்டம் ஒரு நாளில் 10.8 ஜிபி ஆகிறது. ஆகவே அந்த நான்கு கேமராக்கள் நாளொன்றுக்கு 64.8 ஜிபியும், 30 நாள்களில் ஏறத்தாழ 1,944 ஜிபியும் அனுப்பும்.

இந்தக் கணக்கை அறியாமல்தான் ஒளியிழை எட்டாத தோட்டங்களில் சிம் அட்டை ரவுட்டரை வைத்துவிட்டு, மாதத் தொடக்கத்தில் ஓடிய கேமரா பத்தாம் தேதிக்கு மேல் ஏன் இழுக்கிறது என்று கேட்கிறார்கள். டேட்டா அளவு தீர்ந்ததும் வேகம் குறைக்கப்படுகிறது. அத்தகைய இடங்களில் தொடர் பதிவைக் கேமராவிலுள்ள நினைவக அட்டையில் வைத்துக்கொண்டு, அசைவு நேரும்போது மட்டும் மேகத்துக்கு அனுப்பும்படி அமைப்பதே சரி. அட்டை, இடைவிடாத பதிவுக்கென விற்கப்படும் வகையாக இருக்கட்டும். மலேசியாவில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதிக்குள் நிறுத்தப்பட்டுவிட்டதால், பழைய 3ஜி ரவுட்டரை எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் பயனில்லை.

வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் துறைகளை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் இணைய வழிகளை, திறந்துவிடும் பழைய பழக்கத்தைக் கைவிடுங்கள். மேகவழிக் கேமரா தானே வெளியே தொடர்பு கொள்வதால் அது தேவையில்லை. 2016-ஆம் ஆண்டு மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்துக்குத் திறந்து வைத்திருந்ததால்தான்.

நேரலை தெரிந்து பதிவு இல்லாத பழுதுதான் மிகவும் கவலைக்குரியது, ஏனென்றால் திருட்டு நடந்த பிறகே அது தெரிய வருகிறது. கட்டணம் செலுத்தும் வங்கி அட்டை காலாவதியானால் மேகப் பதிவு நின்றுவிடும், நேரலை மட்டும் வழக்கம்போல் ஓடும். திரையைப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஓர் ஆலயத்தில் உண்டியல் உடைக்கப்பட்டபோது, பதிவு வைத்திருக்கும் காலம் ஏழு நாள் மட்டுமே என்பதை எவரும் அறிந்திருக்கவில்லை. ஒன்பதாம் நாள் என்னை அழைத்தார்கள், படம் இல்லை. அன்று அந்த அர்ச்சகரின் முகத்தைப் பார்த்ததிலிருந்து, கேமரா பொருத்தும் ஒவ்வோர் இடத்திலும் பதிவுக் காலத்தையும் கட்டணம் தீரும் தேதியையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வருகிறேன்.

பதிவு இருந்தும் தேடிய மணியில் கிடைக்காவிட்டால் நேர வலயத்தைப் பாருங்கள். மலேசிய நேரம் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னே இருக்கிறது. கேமராவின் மணி இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் அது இந்திய நேரத்தில் இருக்கிறது. சரியாக எட்டு மணி பின்தங்கியிருந்தால் வலயமே அமைக்கப்படவில்லை.

இரவில் காரணமில்லாமல் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தால், பெரும்பாலும் முகப்பில் சிலந்தி வலை இருக்கும். அகச்சிவப்பு ஒளி பட்டு அது திரையில் வெள்ளைத் துணிபோல் தெரியும். மாதம் ஒரு முறை மென்மையான துணியால் துடையுங்கள்.

காவல் துறைக்குப் படம் கொடுக்க வேண்டியிருந்தால், திரையைக் கைப்பேசியால் படம் பிடித்துக் கொடுக்காமல், மூலக் கோப்பையே பதிவிறக்கி இரண்டு பிரதிகளாக வைத்துக்கொள்ளுங்கள். 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினி உருவாக்கிய ஆவணங்களை நீதிமன்றத்தில் ஏற்பதைப் பற்றியது. அக்கணினியின் இயக்கத்துக்குப் பொறுப்பானவர் சான்றிதழ் அளிக்க அது இடம் தருகிறது. எனவே யார், எப்போது, எந்தக் கணக்கிலிருந்து பதிவிறக்கினார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கேமரா இணையவில்லை, ஆனால் உயிரோடு இருக்கிறது என்றால், அப்போது ரீசெட் செய்யலாம். முதலில் அமைப்புத் திரைகள் அனைத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். நினைவக அட்டையைக் கழற்றி வையுங்கள். அதிலுள்ள பதிவு வேண்டுமானால் கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு உங்கள் கையில் இருக்கிறது என்பதை ஒருமுறை உள்நுழைந்து உறுதிசெய்யுங்கள். பிறகு கேமராவின் கையேடு சொல்லும் நேரம் வரை பொத்தானை அழுத்தி, ரவுட்டருக்கு அருகில் வைத்து இணைத்து, கடவுச்சொல்லையும் நேர வலயத்தையும் பதிவு அட்டவணையையும் அமைத்த பின்னரே பழைய இடத்தில் மாட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு பதிவைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலை, முந்தைய இரவின் பதிவையும் பாருங்கள். அதுவும் ஓடினால், தேதியோடு குறிப்பேட்டில் எழுதிவிட்டு ஏணியை எடுத்து வைக்கலாம்.