உடைந்த பானையைத் தூக்கிப் போடாதீர்கள்
விளிம்பு உடைந்த மண்பானை கொல்லையில் கிடக்கிறதா? வெயில் காலத்தில் மாங்கன்றுக்குத் தண்ணீர் கொடுக்க அதுவே போதும். அடியில் ஆணி முனையை வைத்து மெதுவாகத் திருகிச் சின்ன ஓட்டை போடுங்கள் (சுத்தியலால் தட்டினால் விரிசல் விடும், நான் இரண்டு பானையை அப்படித்தான் காலி செய்தேன்). அப்புறம் பழைய வேட்டித் துணியைத் திரியாக முறுக்கி அதில் இறுக்கமாகச் செருகி, கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளி, கழுத்து மட்டும் வெளியே தெரிகிற மாதிரி புதைத்து நிரப்பிவிட்டால், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து நேரே வேர்ப்பக்கம் போகும், மேல்மண்ணில் வீணாகக் காயாது. வாயைச் சிரட்டையால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். பெயிண்ட் அடித்த பானை வேண்டாம், பக்கவாட்டில் கசியாது. தண்ணீர் இறங்கவில்லையா, திரியில் மண் அடைத்திருக்கும், மாற்றுங்கள்.