அப்பத்தா பாடின கேசட்டை பாட்டு பாட்டா பிரிச்சு எடுத்த விதம்: சாக்ஸ் கமாண்ட், முதல் தடவை தொடறவங்களுக்கு

எங்க அப்பத்தா பாடின கேசட் ஒண்ணு ரொம்ப வருஷமா பீரோக்குள்ள கிடந்துச்சு. 1987-ல அத்தைக்கு வளைகாப்பு நடந்தப்ப சித்தப்பா டேப்ரெக்கார்டரை பக்கத்துல வெச்சு பிடிச்சது, தாலாட்டு, கும்மி, நடவுப் பாட்டுன்னு ஒரு பக்கம் பூரா அப்பத்தா குரல்தான். அதை ஒரு கடையில குடுத்து கம்ப்யூட்டருக்கு மாத்தி வாங்கினோம், வந்தது அரைமணி நேரத்துக்கு ஒரே ஒரு பெரிய வேவ் ஃபைல், அங்க கேசட் ஓட்டின மிஷின்ல பெல்ட் தொய்ஞ்சு மெதுவா ஓடிருக்கணும், குரல் ஆம்பளை பாடற மாதிரி கட்டையா கேட்டுச்சு, பின்னாடி ஸ்ஸ்ஸுன்னு ஒரே இரைச்சல். அதை சரி பண்ணி, பாட்டு பாட்டா வெட்டி, வீட்ல எல்லார் போனுக்கும் அனுப்பினது முழுக்க சாக்ஸ்ங்கற ஒரே ப்ரோக்ராம்லதான். அதைத்தான் இங்க படிப்படியா எழுதறேன், உங்க வீட்லயும் இப்படி ஒரு கேசட் இருந்தா இந்த வாரமே எடுத்துடுங்க, டேப் வருஷா வருஷம் கெட்டுக்கிட்டேதான் போகும்.

சாக்ஸ் புதுசு இல்ல. 1991-ல லான்ஸ் நார்ஸ்காக் ஆரம்பிச்சு, அப்புறம் கிறிஸ் பேக்வெல் பல வருஷம் பார்த்துக்கிட்டது, இலவசம். பட்டன், ஜன்னல் எதுவும் கிடையாது, டெர்மினல்ல, அதாவது கமாண்ட் அடிக்கற திரைல, ஒரு வரி அடிச்சு என்டர் தட்டணும், அவ்வளவுதான்.

கமாண்டை எல்லாம் இங்க தமிழ் எழுத்துலயே எழுதிருக்கேன், போன்ல ஒருத்தருக்கு சொல்லிக்குடுக்கற மாதிரி. நீங்க அடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்துல, எல்லாமே சின்ன எழுத்துல அடிங்க, பெரிய எழுத்து வேணும்ங்கற இடத்துல நானே சொல்றேன். சாக்ஸ்னா எஸ் ஓ எக்ஸ். வேவ்னா டபிள்யூ ஏ வி. ஃப்ளாக்னா எஃப் எல் ஏ சி. புள்ளி, கோடு, நம்பர் எல்லாம் இங்க இருக்கறபடியே. லினக்ஸ்ல ஃபைல் பேரை மட்டும் தமிழ்லயே வெச்சுக்கலாம், விண்டோஸ்ல அது தகராறு பண்ணும், அங்க இங்கிலீஷ்லயே வெச்சுக்கோங்க.

முதல்ல இன்ஸ்டால்

உபுண்டுல டெர்மினலை திறந்து இதை அடிங்க:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் சாக்ஸ் லிப்சாக்ஸ்-எஃப்எம்டி-ஆல்

சூடோ எஸ் யூ டி ஓ (டாக்ல வர்ற டி), ஆப்ட் ஏ பி டி (பென்ல வர்ற பி, டைகர்ல வர்ற டி), லிப் எல் ஐ பி (பாய்ல வர்ற பி), எஃப்எம்டிலயும் டைகர்ல வர்ற டிதான். கடைசில இருக்கற அந்த நீள பேரை விட்டுடாதீங்க, அது இல்லாம போட்டா எம்பி3 ஃபைல் எதையும் தொடாது, நிறைய பேர் அங்கதான் மாட்டிக்கிட்டு சாக்ஸ் வேலை செய்யலன்னு விட்டுடறாங்க. மேக்ல ஹோம்ப்ரூங்கற இன்ஸ்டால் பண்ற ப்ரோக்ராம் இருந்தா ப்ரூ இன்ஸ்டால் சாக்ஸ்.

அப்புறம் உங்க வேவ் ஃபைலை ஒரு தனி ஃபோல்டர்ல காப்பி பண்ணி, ஃபோல்டருக்குள்ள ரைட் கிளிக் பண்ணி ஓப்பன் இன் டெர்மினல் குடுங்க. காப்பின்னு சொன்னது காரணமாத்தான். வெளிய வர்ற ஃபைலுக்கு நீங்க குடுக்கற பேர்ல ஏற்கனவே ஒரு ஃபைல் இருந்தா சாக்ஸ் ஒரு வார்த்தை கேக்காம அதை அழிச்சு எழுதிடும். அதனால ஒரிஜினல் பென்டிரைவ்ல பத்திரமா இருக்கட்டும், உள்ள போறதுக்கும் வெளிய வர்றதுக்கும் எப்பவும் வேற வேற பேரா குடுங்க.

கையில என்ன இருக்குன்னு பாருங்க

சாக்ஸி மூலம்.வேவ்

சாக்ஸ் கூட ஒரு ஐ சேர்த்தா சாக்ஸி. மூலம்ங்கறது கடையிலேர்ந்து வந்த ஃபைலுக்கு நான் வெச்ச பேர், அங்க உங்க ஃபைல் பேரை போடுங்க. எனக்கு வந்தது: சேனல் 2, சாம்பிள் ரேட் 44100, பிரிசிஷன் 16 பிட், நேரம் 00:30:42, சைஸ் 325 எம்பி. செகண்டுக்கு 44100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டுல எழுதி, அதையும் இடது வலதுன்னு ரெண்டு தடவை எழுதினா நிமிஷத்துக்கு 10 எம்பிக்கு மேல வந்துடும், ஆடியோ சிடிலயும் இதே கணக்குதான். ஆனா சித்தப்பாவோட டேப்ரெக்கார்டர்ல இருந்தது ஒத்தை மைக், ரெண்டு சேனல்லயும் இருக்கறது அதே குரல்தான், ஒண்ணு போதும்.

கேட்டுப் பாருங்க

ப்ளே மூலம்.வேவ் ட்ரிம் 5:00 0:20

ப்ளே பி எல் ஏ ஒய், ட்ரிம் டி ஆர் ஐ எம். அஞ்சாவது நிமிஷத்துலேர்ந்து இருபது செகண்டு மட்டும் பாடும். ரெண்டாவது நம்பர் முடியற இடம் இல்ல, எவ்வளவு நேரம்ங்கறது, அதை மாத்தி நினைச்சுக்காதீங்க. ப்ளே எந்த ஃபைலையும் மாத்தாது, காதுக்கு மட்டும் குடுக்கும், அதனால எதை செஞ்சாலும் முதல்ல ப்ளேல இருபது செகண்டு கேட்டுட்டு, திருப்தியா இருந்தா மட்டும் சாக்ஸ்ல எழுதுங்க. அரைமணி நேர ஃபைலை ஒவ்வொரு தடவையும் முழுசா எழுதி எழுதி பார்க்க வேண்டியதில்ல.

வார்த்தை வரிசை, இதுதான் மொத்த விஷயமும்

தமிழ்ல பூனை எலியைப் பிடிச்சதுன்னாலும் எலியைப் பூனை பிடிச்சதுன்னாலும் அர்த்தம் ஒண்ணுதான், ஏன்னா எலி கூட ஒரு ஐ ஒட்டிக்கிட்டு இருக்கு, யாரு யாரைப் பிடிச்சாங்கறதை அது சொல்லிடுது. சாக்ஸ்ல அந்த உருபு கிடையாது. எந்த இடத்துல நிக்குதுங்கறதுதான் அர்த்தம். சாக்ஸ்னு ஆரம்பிச்சு, உள்ள போற ஃபைல், அப்புறம் வெளிய வர்ற ஃபைல், அதுக்கும் பின்னாடி ஒலியை என்ன செய்யணும்ங்கறது. ஒரு ஃபைலுக்கு முன்னாடி கோடு போட்டு எழுதறதெல்லாம் அந்த ஃபைலை எப்படி எழுதணும், எப்படி படிக்கணும்னு சொல்றது.

சாக்ஸ் மூலம்.வேவ் -சி 1 வேகம்.வேவ் ஸ்பீட் 100சி

மூலம் உள்ள போகுது. -சி 1 வேகம்ங்கற ஃபைலுக்கு முன்னாடி நிக்கறதால, அந்த ஃபைல்ல ஒரு சேனல் போதும்னு அர்த்தம். ஸ்பீட் கடைசில நிக்குது, அது செய்ய வேண்டிய வேலை. இதே -சி 1 முன்னாடி நகர்ந்து மூலத்துக்கு முன்னாடி போயிடுச்சுன்னா உள்ள வர்ற ஃபைல்லயே ஒரு சேனல்தான் இருக்குன்னு நீங்க சொல்றதா ஆயிடும், கதையே மாறிடும். எரர் வந்தா முதல்ல இந்த வரிசையைத்தான் பாருங்க, எனக்கு வந்த எரர்ல பாதிக்கு மேல இதுதான்.

குரலை அதோட சுருதிக்கு கொண்டு வர்றது

மெதுவா ஓடின டேப்புல வேகமும் குறையும், சுருதியும் இறங்கும், ரெண்டும் சேர்ந்தே போகும். அதனால ரெண்டையும் சேர்த்து ஏத்தற ஸ்பீட்தான் இதுக்கு சரி. டெம்போன்னு இன்னொண்ணு இருக்கு, அது சுருதியை அப்படியே வெச்சு வேகத்தை மட்டும் மாத்தும், ஒரு பாட்டை மெதுவா கேட்டு படிக்கணும்னா அது நல்லது, கேசட் கோளாறுக்கு ஆகாது. 100சி-ங்கறது நூறு சென்ட், நம்ம கணக்குல அரைக் கட்டை, அஞ்சு கட்டைல கேக்கறது அஞ்சரைக்கு ஏறும். குறைக்கணும்னா -100சி.

எவ்வளவு ஏத்தறதுன்னு எனக்கு தெரியல, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அப்பத்தா போயிட்டாங்க. அதனால அத்தையை பக்கத்துல உக்கார வெச்சு ஒரே இருபது செகண்டை மூணு விதமா போட்டேன்:

ப்ளே மூலம்.வேவ் ட்ரிம் 5:00 0:20 ஸ்பீட் 50சி

அடுத்து 100சி, அப்புறம் 150சி. திரும்ப முழுசா அடிக்க வேண்டாம், மேல் அம்புக்குறி பட்டனை தட்டினா முன்னாடி அடிச்ச வரி அப்படியே வரும், நம்பரை மட்டும் மாத்தி என்டர். 50-க்கு அத்தை ஒண்ணும் சொல்லல. 100 ஓடினதும் "இது எங்கம்மாடா"ன்னாங்க. 150 போட்டப்ப வேண்டாம், பழசையே போடுன்னாங்க. அந்த குரலை நேர்ல கேட்டவங்க யாராவது இருந்தா அவங்க காதைத்தான் நம்பணும், வேற எந்த கணக்கும் அவ்வளவு சரியா வராது. முழு ஃபைலையும் மாத்தினதும் சாக்ஸி போட்டு பார்த்தா 30:42 இருந்தது 28:58 ஆகிருந்துச்சு.

இரைச்சல்

இது ரெண்டு வரி வேலை, ஸ்பீட் சரி பண்ணின ஃபைல்லதான் செய்யணும். முதல் வரில இரைச்சல் மட்டும் இருக்கற ஒரு துண்டை சாக்ஸுக்கு காட்டறோம், ரெண்டாவது வரில அதை கழிக்க சொல்றோம்.

சாக்ஸ் வேகம்.வேவ் -என் ட்ரிம் 4:12 1 நாய்ஸ்ப்ரோஃப் இரைச்சல்.ப்ரோஃப்

சாக்ஸ் வேகம்.வேவ் தெளிவு.வேவ் நாய்ஸ்ரெட் இரைச்சல்.ப்ரோஃப் 0.15

நாய்ஸ்ப்ரோஃப்னா என் ஓ ஐ எஸ் இ பி ஆர் ஓ எஃப், நாய்ஸ்ரெட்னா என் ஓ ஐ எஸ் இ ஆர் இ டி, எல்லாம் சேர்த்து ஒரே வார்த்தையா. -என் போட்டா வெளிய ஒலி ஃபைல் எதுவும் வேண்டாம்னு அர்த்தம். 4:12 எனக்கு ரெண்டு பாட்டுக்கு நடுவுல கிடைச்ச அமைதி, உங்களுக்கு எங்க இருக்குன்னு ப்ளே போட்டு தேடுங்க. கேசட்டோட ஆரம்பத்துல அமைதியா இருக்கேன்னு அங்கேர்ந்து எடுத்துடாதீங்க, அங்க இருக்கறது வெறும் பிளாஸ்டிக் நாடா, ஒலி பதியற பூச்சே அதுல கிடையாது, ஸ்ஸ்ஸும் இருக்காது, அதை காட்டினா சாக்ஸ் எதை கழிக்கும்?

கடைசி நம்பர் 0-லேர்ந்து 1 வரைக்கும். எதுவும் குடுக்கலன்னா அதுவா 0.5 எடுத்துக்கும், அது குரலுக்கு ரொம்ப அதிகம், கிணத்துக்குள்ள தண்ணிக்கு அடியிலேர்ந்து பாடற மாதிரி ஆயிடும். நான் 0.15-ல நிறுத்திட்டேன், கொஞ்சம் ஸ்ஸ்ஸு மிச்சம் இருக்கு, ஆனா அப்பத்தா மூச்சு இழுக்கற சத்தமும் இருக்கு, 0.3 போட்டப்ப ரெண்டும் போயிடுச்சு.

பாட்டு பாட்டா வெட்டறது

சாக்ஸ் தெளிவு.வேவ் பாட்டு.ஃப்ளாக் சைலன்ஸ் 1 0.1 1% 1 2.0 1% : நியூஃபைல் : ரீஸ்டார்ட்

பார்க்க மிரட்டும், ஆனா ரெண்டு மூணா பிரிச்சு படிங்க. சைலன்ஸ்க்கு அப்புறம் முதல் மூணு நம்பர், 1% அளவுக்கு மேல சத்தம் பத்துல ஒரு பங்கு செகண்டு வந்தா பாட்டு ஆரம்பிச்சாச்சு. அடுத்த மூணு, 1%-க்கு கீழ ரெண்டு செகண்டு அமைதியா இருந்தா பாட்டு முடிஞ்சாச்சு. அப்புறம் புது ஃபைல் திற, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பி. முக்காற்புள்ளிக்கு ரெண்டு பக்கமும் இடம் விடணும். பாட்டு001.ஃப்ளாக், பாட்டு002.ஃப்ளாக்னு அதுவா நம்பர் போட்டு எழுதிக்கிட்டே போகும்.

ஒரே தடவைல சரியா வராது, இதுக்கு பொறுமை வேணும். எனக்கு முதல் தடவை 23 துண்டு வந்துச்சு, ஏன்னா கும்மிப் பாட்டு நடுவுல அப்பத்தா நிறுத்தி யார்கிட்டயோ தண்ணி கேட்டிருக்காங்க, நடவுப் பாட்டுல அடிக்கு அடி மூச்சு வாங்கிருக்காங்க. 2.0-வை 3.5 ஆக்கினதும் 11 பாட்டு சரியா நின்னுச்சு. பழைய துண்டுகளை அழிச்சுட்டு மறுபடி ஓட்டுங்க, இல்லன்னா ரெண்டும் கலந்து கிடக்கும். எங்கயுமே வெட்டலன்னா இரைச்சல் 1%-க்கு மேல இருக்குன்னு அர்த்தம், 2% ஆக்கிப் பாருங்க. ஆனா தாலாட்டு மெதுவா ஆரம்பிக்கும், பர்சன்ட்டை ரொம்ப ஏத்தினா முதல் ஆராரோவையே தின்னுடும், ஒவ்வொரு பாட்டோட ஆரம்பத்தையும் கேட்டு பாருங்க.

எல்லாத்தையும் வரிசையா கேக்க ப்ளே *.ஃப்ளாக். அடுத்த பாட்டுக்கு கன்ட்ரோல் சி ஒரு தடவை, நிறுத்த வேகமா ரெண்டு தடவை.

ஃப்ளாக் வீட்டுக்கு, எம்பி3 போனுக்கு

ஃப்ளாக்ங்கறது வேட்டியை மடிச்சு வெக்கற மாதிரி, இடம் குறையும், விரிச்சா நூல் கூட குறையாது. எம்பி3 அரிசியை அரைச்சு மாவாக்கற மாதிரி, சின்னதா ஆகும், காதுக்கு பெருசா தெரியாததை தூக்கி எறிஞ்சுடும், திரும்ப அதை ஃப்ளாக்கா மாத்தினா சைஸ்தான் ஏறும், போனது வராது. அதனால ஃப்ளாக்கை பத்திரமா ரெண்டு இடத்துல வெச்சுட்டு, வாட்ஸ்அப்புக்கு மட்டும் எம்பி3:

சாக்ஸ் பாட்டு003.ஃப்ளாக் -சி 128 தாலாட்டு.எம்பி3 நார்ம் -1

இங்க சி பெரிய எழுத்து. அது எவ்வளவு அமுக்கணும்ங்கறதுக்கு, சின்ன சி போட்டா 128 சேனல் கேக்கறதா எடுத்துக்கும். நார்ம்னா என் ஓ ஆர் எம், மெதுவா பதிவான பாட்டை உச்சத்துக்கு ஒரு டெசிபல் கீழ வரைக்கும் ஏத்தி விடும், போன் ஸ்பீக்கர்ல நல்லா கேக்கும். எந்த வேலைலயாவது க்ளிப்டுன்னு எச்சரிக்கை வந்தா சத்தம் உச்சத்தை தாண்டி முனை வெட்டுப்பட்டிருக்குன்னு அர்த்தம், அந்த ஃபைலை அப்படியே விட்டுடாம சத்தத்தை குறைச்சு மறுபடி எழுதுங்க.

கடைசியா ஒண்ணு. ஃபைல் பேரை யார் வேணும்னாலும் மாத்திடுவாங்க, அதனால யார் பாடினாங்கன்னு ஃபைலுக்கு உள்ளேயே எழுதிடுங்க:

சாக்ஸ் பாட்டு003.ஃப்ளாக் --ஆட்-காமென்ட் "பாடினது அப்பத்தா, அத்தை வளைகாப்பு, 1987" தாலாட்டு.ஃப்ளாக்

நான் இங்க அப்பத்தான்னு போட்டிருக்கேன், எங்க ஃபைல்ல அவங்க முழுப் பேரும் ஊரும் இருக்கு, உங்க வீட்லயும் அப்படியே முழுசா போடுங்க. அப்புறம் சாக்ஸி தாலாட்டு.ஃப்ளாக் அடிச்சா சேனல் 1, சாம்பிள் ரேட் 44100-க்கெல்லாம் கீழ கடைசில அந்த வரி வந்து நிக்கும்.