விடுதியில் பிள்ளையைச் சேர்க்குமுன்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து பிள்ளையைத் தனியார் விடுதிப் பாடசாலைக்கு அனுப்ப யோசிப்பவர்கள் வாசலில் தொங்கும் ‘9ஏ’ (ஒன்பது பாடத்திலும் ஏ சித்தி) பதாகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த வருடம் எத்தனை பேர் சாதாரண தரப் (ஓ/எல்) பரீட்சை எழுதினார்கள், இடையில் எத்தனை பேர் விலகினார்கள் என்று கேளுங்கள். சர்வதேசப் பாடசாலைகள் பெரும்பாலும் கல்வி அமைச்சில் அல்ல, கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அதனால் எந்தப் பாடத்திட்டம், பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவா தோற்ற வேண்டும் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

முக்கியமானது விடுதிதான். இராச்சாப்பாட்டு நேரம் பார்த்து ஒருமுறை போங்கள். சோறு, கறி, கழிப்பறை, தண்ணீர் எல்லாம் கண்ணில் படும். இரவில் பிள்ளைகளோடு தங்குவது யார்? காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப்போவது? பக்கத்தில் ஆள் நிற்காமல் பிள்ளை வீட்டோடு போனில் கதைக்கலாமா? இதற்கெல்லாம் அதிபர் மழுப்பினால் நான் சேர்க்க மாட்டேன்.

அப்புறம், அங்கிருந்து பிள்ளையை எடுத்துவிட்ட பெற்றோர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கதையுங்கள். ஊரில் விசாரித்தால் கட்டாயம் ஆள் கிடைக்கும். முற்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளைக்கும் பாடமாக்கிவிடுங்கள்.