தக்கோலம் போரை ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் கட்டுவது எப்படி

வேலூர்க்காரன் இந்தக் கணினிப் போர் விளையாட்டின் சினாரியோ எடிட்டரை, அதாவது நாமே களம் அமைக்கிற பகுதியை, திறந்தால் கை நேராகக் கோட்டைக்கும் அகழிக்கும்தான் போகும். நானும் கட்டினேன், சுற்றிலும் தண்ணீர் ஊற்றி அதில் முதலை எல்லாம் விட்டேன். பார்க்க அழகாக இருந்தது, ஆடத்தான் சலிப்பு, ஏனென்றால் மணிக்கணக்கில் சுவரை இடிப்பதைத் தவிர அதில் வேறு வேலை இல்லை. அப்புறம்தான் தக்கோலம் நினைவுக்கு வந்தது. பழைய வட ஆற்காடு, இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், அரக்கோணத்துக்குப் பக்கம். 949-ல் அங்கேதான் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதி, சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் யானைமேல் உட்கார்ந்தபடியே செத்தான்.

மேப் சுலபம். டைனி அளவு, 120-க்கு 120 கட்டம், போதும். காய்ந்த மண், பனைமரம், நடுவே ஆழமில்லாத ஆறு ஒன்று, அவ்வளவுதான். கிராமத்து ஆளையோ டவுன் சென்டரையோ வைக்காதீர்கள். இது நாடு வளர்க்கிற ஆட்டம் இல்லை, கையில் இருக்கிற படையோடு ஒரு பகல்.

தலைவலி நாகரிகத்தை, அதாவது ஒவ்வொரு பக்கமும் எந்த நாட்டுப் படை என்பதை, தேர்ந்தெடுப்பதில்தான். முன்பு இந்தியா முழுக்க ‘இந்தியன்ஸ்’ என்று ஒரே பொட்டலமாக இருந்தது. 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பு அந்தப் பழைய பொட்டலத்துக்கு ஹிந்துஸ்தானிஸ் என்று பெயர் மாற்றி, பெங்காலிஸ், திரவிடியன்ஸ், குர்ஜராஸ் என்று மூன்றைப் புதிதாகச் சேர்த்தது. சோழனுக்குத் திரவிடியன்ஸ், சரி. கிருஷ்ணனுக்கு? கன்னடருக்குத் தனி நாகரிகம் கிடையாது, திராவிடர் என்ற பெயருக்குள் அவர்களும் அடக்கம். அதையே இரு பக்கமும் போட்டால் கிருஷ்ணனின் வீரனும் தமிழில்தான் பதில் சொல்வான், படையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றாகவே இருக்கும். நான் கிருஷ்ணனுக்குக் குர்ஜராஸ் கொடுத்தேன், குதிரை நன்றாக ஓடும் என்பதற்காக. வரலாறு படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும், கன்னோசிக்காகத் தலைமுறை தலைமுறையாக ராஷ்டிரகூடர்கள் அடித்துக்கொண்டதே கூர்ஜர பிரதிகாரர்களோடுதான். ஆனால் எடிட்டரில் பெயரைப் பார்த்து எடுத்தால் ஆட்டம் கெடும், அந்த நாகரிகம் களத்தில் என்ன செய்கிறது என்று பார்த்து எடுங்கள். கிருஷ்ணனின் கூட்டாளியான கங்க மன்னன் இரண்டாம் பூதுகனை மூன்றாவது ஆட்டக்காரனாக வைத்து, அவனுக்குத் திரவிடியன்ஸையே கொடுத்துவிட்டேன்.

திரவிடியன்ஸின் சலுகைகளை வரிசையாகப் பாருங்கள்: மீன்பிடிப்பவர்கள் கூடுதலாகச் சுமப்பார்கள், துறைமுகம் மக்கள்தொகை இடம் தரும், திரிசடை என்று தனிக் கப்பலே உண்டு. இது 1025-ல் ஸ்ரீவிஜயத்துக்குக் கப்பல் அனுப்பிய ராஜேந்திரனின் சோழநாடு. ராஜாதித்தனுக்கு 76 வருடம் பிந்தியது, தக்கோலத்தில் கடலும் இல்லை. ஆக இந்த நாகரிகத்தில் பாதி நமக்கு உதவாது. உதவுகிற பாதி யானை வில்லாளியும், ஈட்டி எறிகிற ஸ்கர்மிஷரும்: இரண்டும் மற்றவர்களைவிட 25 சதவீதம் வேகமாக அடிக்கும். குதிரைப்படை பலவீனம் என்று ஆட்டக்காரர்கள் இதைத் திட்டுவார்கள், ஆனால் நல்ல குதிரையைக் கடல் கடந்து விலைக்கு வாங்கிய நாடு இது, அந்த ஒரு விஷயத்தில் வரலாறு சரியாகவே பொருந்துகிறது. உறுமி வீரனை நான் வைக்கவில்லை. களரியில் பார்க்கிற சுருள்வாளை ஒரு படைக்கே முகமாக்கியது விளையாட்டைச் செய்தவர்களின் ஆசை.

ராஜாதித்தனுக்கு ஒரு யானை வில்லாளியை வைத்து, பெயரை மாற்றி, உயிர்ப் புள்ளியை ஏற்றிவிடுங்கள். நான் முதல் தடவை ஏற்றாமல் விட்டதில் நாலே நிமிடத்தில் பூதுகனின் ஸ்கர்மிஷர்கள் ஈட்டி எறிந்து ஆளைக் காலி செய்துவிட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் “மாமா, அவ்ளோதானா?” என்றான். ஏற்றுங்கள், ஆனால் மெடிக்கல் கார்ப்ஸ் ஆராய்ச்சியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், யானைகள் தானாகக் காயம் ஆறிக்கொண்டே இருக்கும், அவன் சாகவே மாட்டான்.

அவன் சாக வேண்டும், எப்படி என்பதில்தான் இரண்டு கதை. ஆதகூர்க் கல்வெட்டு அவனைக் கொன்ற பெருமையைப் பூதுகனுக்குக் கொடுக்கிறது. சோழர்களின் லெய்டன் செப்பேடு கிருஷ்ணனைக் கலங்கடித்துவிட்டு அம்பு நெஞ்சில் பாய்ந்து வீரசொர்க்கம் போனான் என்கிறது. நீங்கள் எதை நம்பினாலும் ட்ரிக்கர், அதாவது ‘இது நடந்தால் அதைச் செய்’ என்று எடிட்டரில் வைக்கிற கட்டளை, ஒன்றுதான். கண்டிஷனில் ‘டெஸ்ட்ராய் ஆப்ஜெக்ட்’ எடுத்து அந்த யானையைக் காட்டுங்கள். அது நிறைவேறியதும் ‘டாஸ்க் ஆப்ஜெக்ட்’ மூலம் எதிரி எல்லாரும் உங்கள்மேல் பாய வேண்டும். நீங்கள் சோழப் படை, உங்கள் வேலை மிச்சம் இருப்பவர்களைத் தெற்கு ஓரத்துக்குக் கொண்டுபோவது. அங்கே ‘ஆப்ஜெக்ட்ஸ் இன் ஏரியா’ 15 என்று வையுங்கள், 15 பேர் சேர்ந்தால் வெற்றி. அடித்து ஜெயிக்கிற வழியை நான் வைக்கவே இல்லை. அந்தப் போருக்குப் பிறகு தொண்டைமண்டலம் பல வருடம் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ கன்னரதேவன், அதாவது அதே கிருஷ்ணன், கையில்தான் இருந்தது.

கடைசியாக ஒன்று, விருப்பம் இருந்தால் செய்யுங்கள். வெற்றி வருவதற்குப் பத்து வினாடி முன்பு ‘கிரியேட் ஆப்ஜெக்ட்’ வைத்து கிழக்கு மூலையில் ஒரு மங்க்கை (துறவியை) நிறுத்துங்கள். ராஜாதித்தனின் தோழனான சேரநாட்டுக்காரர் ஒருவர், தலைவனோடு தானும் சாகவில்லையே என்ற வருத்தத்தில் துறவியாகி, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் திருவொற்றியூரில் இருந்தார். அவரைப் பற்றிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. அதில் ஆண்டுக் கணக்கு கிருஷ்ணனின் ஆட்சியாண்டில் போகிறது. மங்க்குக்குச் சோழன் நிறத்தைக் கொடுப்பதா எதிரி நிறத்தையா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, யாருக்கும் சொந்தமில்லாத கையாவில் போட்டுவிட்டேன்.