விமானத்தைப் பார்க்கத் தெரிந்தவரின் பயணம்

விமானப் பயணத்தில் நேரும் பதற்றத்தில் பெரும்பகுதி, நம்மை ஏற்றிச் செல்லவேண்டிய விமானம் இந்த நிமிடத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாததால் வருகிறது. விமான ஆர்வலர்களுக்கு இந்தக் குழப்பம் அரிது. ஏனெனில் அவர்கள் பயண எண்ணோடு நிற்காமல், அன்றைக்கு ஒதுக்கப்பட்ட விமானத்தின் பதிவெண்ணையும் (வாகன எண்போல ஒவ்வொரு விமானத்துக்கும் உரிய அடையாளம்) தேடிப் பார்த்துவிடுகிறார்கள். பொழுதுபோக்காகத் தொடங்கும் இந்தப் பழக்கத்தை எந்தப் பயணியும் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்றைய பயணிகள் விமானங்களில் பெரும்பாலானவை தம் இருப்பிடம், உயரம், வேகம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடைவிடாது அறிவித்துக்கொண்டே பறக்கின்றன. ஆர்வலர்கள் தம் வீட்டுக் கூரைகளில் பொருத்தியிருக்கும் சிறு வாங்கிகள் இந்தச் சமிக்ஞைகளைப் பிடித்து அனுப்ப, 2006இல் சுவீடனில் தொடங்கிய ஃபிளைட்ராடார்24 போன்ற தளங்கள் அவற்றை வரைபடத்தில் காட்டுகின்றன. உங்கள் பயண எண்ணை அங்கே இட்டு, ஒதுக்கப்பட்ட விமானத்தின் பதிவெண்ணைக் கண்டுபிடித்து, அதே விமானம் அதற்கு முந்தைய பயணத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் புறப்பட இன்னும் ஒரு மணி நேரமே இருக்கையில் அது இரண்டு மணி நேரத் தொலைவில் பறந்துகொண்டிருந்தால், அறிவிப்பு வருமுன்பே தாமதத்தை ஊகித்துவிடலாம். ஆனால் இதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. நிறுவனம் எந்நேரமும் வேறு விமானத்தை மாற்றி அனுப்பலாம். பெட்டிகளை ஒப்படைக்கும் கவுன்டர் மூடும் நேரம் பெரும்பாலும் தாமதத்துக்கேற்ப நீள்வதில்லை.

பதிவெண்ணின் முதல் எழுத்துகள் விமானம் பதிவான நாட்டைச் சொல்லும். வி.டி. என்றால் இந்தியா, 4ஆர் என்றால் இலங்கை, 9வி என்றால் சிங்கப்பூர், 9எம் என்றால் மலேசியா, ஜி என்றால் பிரிட்டன், என் என்றால் அமெரிக்கா. உடலின் பின்பகுதியில் இதை எளிதாகப் படிக்கலாம்.

அடுத்து, விமான வகையை அறிவது. புதியவர்களை அதிகம் குழப்பும் இணை போயிங் 737, ஏர்பஸ் ஏ320 ஆகிய இரண்டும்தான். 737க்கு மூக்கு சற்றுக் கூர்மையானது. செங்குத்து வாலின் அடியில் முன்னோக்கிச் சரியும் ஒரு முக்கோண நீட்சி இருக்கும். அது மேலெழுந்த பிறகு அடிவயிற்றைப் பார்த்தால், மடங்கிய முதன்மைச் சக்கரங்கள் மூடியின்றி வட்டமாகத் தெரியும். ஏ320இல் அவை கதவுகளுக்குள் மறைந்துவிடும். 1967இல் முதலில் பறந்த 737 தரைக்கு மிக நெருக்கமாக நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. பின்னாளில் பெரிய எஞ்சின்களைப் பொருத்தியபோது இடம் போதாமல், அவற்றின் உறையை அடியில் தட்டையாக்க வேண்டியதாயிற்று. இந்தக் காரணம் தெரிந்தபின் அந்த விமானத்தை வேறொன்றாக எண்ணுவது கடினம். அகன்ற உடல் கொண்டவற்றில், விமானி அறைக் கண்ணாடிகளைச் சுற்றிக் கறுப்பு முகமூடி அணிந்ததுபோல் இருப்பவை ஏர்பஸ் ஏ350, ஏ330நியோ. எஞ்சின் உறையின் பின்விளிம்பில் ரம்பப் பற்கள் கொண்ட இரட்டை எஞ்சின் விமானம் போயிங் 787. அதே பற்கள் 737 மேக்ஸிலும் உண்டு என்றாலும், அளவு அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும்.

இந்த அறிவு பயணச்சீட்டு வாங்கும்போதும் பயன்படும். பழைய வகை விமானங்களின் உட்புறக் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பாகும்வரை குறையலாம். 787, ஏ350 ஆகியவற்றில் அது சுமார் 6,000 அடிக்கு ஒப்பாகப் பேணப்படுகிறது. கட்டணமும் நேரமும் ஒத்திருந்தால், நீண்ட இரவுப் பயணத்துக்கு நான் தயங்காமல் இவற்றையே தேர்ந்தெடுப்பேன்.

இருக்கையைத் தேர்ந்தெடுப்பதற்குச் சூரியனைக் கணக்கில் கொள்ளவேண்டும். மூக்கை நோக்கி அமர்கையில் ‘ஏ’ வரிசை எப்போதும் இடப்பக்கம். காலையில் வடக்கு நோக்கிப் பறந்தால் வலப்பக்கம் வெயில் அடிக்கும். மாலையில் அதே திசைக்கு இடப்பக்கம். வெயில் படாத பக்கத்தில் நிலக்காட்சி தெளிவாக இருப்பதோடு, கீழே மேகங்கள் இருந்தால் விமானத்தின் நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றுவதையும் அங்கிருந்துதான் காணமுடியும். ஆட்டத்துக்கு அஞ்சுபவர்கள் இறக்கையின் அருகே அமரலாம், அங்கே அசைவு குறைவாக உணரப்படும். படம் எடுப்பவர்கள் இறக்கைக்கு முன்னால் அமர்வது நல்லது. பின்னால் அமர்ந்தால் எஞ்சினின் வெப்பக்காற்று காட்சியைக் கலங்கச் செய்யும். சன்னலோரம் என்று விற்கப்படும் சில இருக்கைகளில் சன்னலே இருக்காது என்பதால், இருக்கை வரைபடத்தை முன்பே பார்த்துவிடுங்கள்.

படம் எடுக்கையில் லென்ஸைக் கண்ணாடிக்கு மிக நெருக்கமாகக் கொண்டுசெல்லுங்கள், ஆனால் தொடவிடாதீர்கள். தொட்டால் அதிர்வு படத்தில் ஏறும். உள்ளொளியின் பிரதிபலிப்பைக் கருந்துணியால் மறைக்கலாம். லென்ஸின் முன் ஒளிக்கூச்சத்தைக் குறைக்க மாட்டும் போலரைசர் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள், பிளாஸ்டிக் சன்னலில் அது வானவில் பட்டைகளை உண்டாக்கும். சன்னலின் அடியில் தெரியும் சிறு துளையைக் கண்டு யாரும் அஞ்சவேண்டாம்: அடுக்குகளுக்கிடையே அழுத்தத்தைச் சமன்செய்து, வெளியடுக்கு மட்டும் சுமையைத் தாங்கும்படி செய்யவே அது வைக்கப்பட்டுள்ளது.

தரையில் நின்று பார்க்க விரும்புவோர் முதலில் காற்றின் திசையை அறியவேண்டும், ஏனெனில் விமானங்கள் கூடுமானவரை எதிர்காற்றிலேயே ஏறி இறங்குகின்றன. ஓடுபாதை எண் என்பது, அது நோக்கும் காந்தத் திசையைப் பாகையில் அளந்து, அதில் பத்தில் ஒரு பங்கு: 09 கிழக்கு நோக்கியது, 27 மேற்கு நோக்கியது. மேற்கிலிருந்து காற்று வீசினால் 27 பயன்படும், இறங்கும் விமானங்கள் கிழக்கிலிருந்து வரும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். நண்பகலில் தரைவெப்பம் படத்தைக் கெடுக்கும். அனுமதி விதிகளை முன்கூட்டியே அறிந்துகொள்வதை மட்டும் யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. 2001இல் கிரேக்கத்தின் கலமாட்டாவில் ராணுவத் தளத்தில் விமானங்களைக் குறிப்பெடுத்த பிரிட்டிஷ், டச்சு ஆர்வலர்கள் உளவுக் குற்றச்சாட்டில் கைதாகி, தண்டனையும் பெற்று, மறு ஆண்டு மேல்முறையீட்டில்தான் விடுதலையானார்கள். விமானி உரையாடலை வானொலியில் கேட்பதும் சில நாடுகளில் சட்டவிரோதம்.

பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே இருக்கவேண்டும். அது தேக்கும் ஆற்றலின் அளவான வாட்-மணி 100 வரை இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்டது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணியே. இறங்கத் தொடங்குமுன் விழித்துக்கொண்டு அடிக்கடி விழுங்குங்கள், காது வலி குறையும். விமான நிறுவனங்களின் பொறுப்பை வகுக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் சர்வதேசப் பயணத்தில் பெட்டி சேதமானால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் தரவேண்டும். ஆயினும் நிலையத்தைவிட்டு வெளியேறுமுன்பே பதிவுசெய்வது பாதுகாப்பு.

கடைசியாக, குறிப்பேடு. பதிவெண், வகை, இருக்கை, ஓடுபாதை, சக்கரம் தரையைவிட்ட நேரம், தரைதொட்ட நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். ஃபிளைட் மோடில் இருந்தாலும் பெரும்பாலான கைப்பேசிகளில் ஜி.பி.எஸ். வேலைசெய்யும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால், சன்னலருகே பிடித்து, கடக்கும் ஆறுகளின் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். வாயிலை விட்டு நகர்ந்த நேரத்தைப் புறப்பாடாக எழுதுவது தொடக்கக்காரர்களின் வழக்கமான பிழை. பரபரப்பான நிலையங்களில் அதற்கும் மேலெழுவதற்கும் இடையே அரை மணி நேரம்கூட ஆகலாம் என்பதால், இரண்டையும் தனித்தனியே குறியுங்கள்.